நோயை மறைத்தல் தகுமா?

(நமது சங்கத்தின் தாம்பரம் கிளை ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் யாம் முன்னர்ப் பேசியபோதெல்லாம் குறளையும் கம்பனையும் பற்றியே பேசினோம். இன்று எடுத்துக்கொண்ட பொருளோ காசநோய். தமிழ்ப் பாடஞ் சொல்லிப் பிழைப்பார்க்கு மருத்துவ விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம், வினவுதல் நியாயமே. யாம் மருத்துவரல்லோம், மருந்து சொல்லவும் வந்தோமில்லை. ஆராய்ச்சியாளர் பல்லாண்டு உழைத்துக் கண்ட சில உண்மைகள் நம் வீட்டு வாயில்வரை வந்தும் உள்ளே நுழையாமல் நிற்கின்றன. அவற்றுக்குக் கதவு திறக்கவேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.

சென்ற ஆண்டு நம் உறவினர் ஒருவரின் மகன் பெருஞ்சாலையில் இருசக்கர வண்டியினின்றும் விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஒரு வாரத்துக்குள் நம்மவரில் ஐம்பது பேருக்குக் குறையாமல் சென்று கண்டோம். பழக்கூடைகளை வைக்க அவ்வீட்டில் இடமில்லை. வண்டியை விரைந்தோட்டினான் என்பதற்காக அவனை ஒதுக்கினாருமில்லை. அவன் தங்கையைப் பெண் கேட்டு வந்தவர் திரும்பிப் போனாருமில்லை. இது நல்ல வழக்கம். நம் குலத்தாருக்குப் பெருமை தரும் வழக்கம்.

அதே ஆண்டில், எம்மிடம் முன்பு தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி ஒருநாள் மாலை எம் இல்லத்துக்கு வந்தாள். நம் சங்கத்துக் குடும்பத்தவளே. வாயிலில் நின்றபடியே, "ஐயா, ஒன்று கேட்க வேண்டும், நான் கேட்டது அப்பாவுக்குத் தெரியவேண்டாம்" என்றாள். விடாத இருமலுக்காகச் சளியைச் சோதித்ததிற் காசம் என்று தெரிந்து, அரசாங்க மருத்துவமனையில் மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருமல் நின்றுவிட்டது, உடம்பும் தேறி வந்தது. அந்நிலையில் நம்மவரிலேயே ஒரு வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருவதாய் இருந்தனர். "கலியாணம் முடியும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா, ஐயா? யாராவது பார்த்துவிட்டால்..." என்றவள், மேலே சொல்லமாட்டாமல் நின்றாள்.

அக்கேள்விக்கு யாம் தந்த விடையையே இன்று விரித்துரைக்கின்றோம். அவள் பெயரைச் சொல்லோம். அவளும் அவள் தந்தையாரும் இசைந்த பின்னரே இவ்வளவும் சொல்லத் துணிந்தோம்.

ஒரு நிலையத்தின் பெயர்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்ரயில் நிற்கும் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். நாடோறும் அப்பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகின்றோம். அஃது என்ன சொல் என்று மாணாக்கரைக் கேட்டால், ஊர்ப்பெயர் என்கின்றனர். அஃது ஊர்ப்பெயரன்று, நோய்ப்பெயரோடு பிறந்த பெயர். காசநோயாளரைத் தூய காற்றிலும் ஓய்விலும் நல்லுணவிலும் வைத்துப் பேணும் இல்லத்துக்கே சானடோரியம் என்று மேனாட்டார் பெயரிட்டனர்.

காசத்துக்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்பதை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயினும் அக்கிருமியைக் கொல்லும் மருந்து பின்னும் அறுபது ஆண்டுகள் கிடைத்திலது. அக்காலத்தில் காற்றும் ஓய்வும் உணவுமே மருந்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் இத்தகைய இல்லமொன்றை நடத்திவந்த டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்னும் நம் நாட்டவர், 1928-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அஃது அரசாங்கத்தின் வசமாயிற்று. அதுவே இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாய் விளங்குகின்றது.

கணித மேதை இராமானுஜன் 1914-ல் கப்பலேறி இங்கிலாந்து சென்றபோது அக்கப்பலிலேயே இந்த முத்து என்னும் மருத்துவரும் பயணஞ் செய்தார். பின்னர் 1917-ல் இராமானுஜன் நோயுற்று அவரது மெண்டிப் மலை இல்லத்திலேயே சிலகாலம் தங்கினார். அன்றைய மருத்துவர் அவர் நோயைக் காசம் என்றே கருதினர். அஃது ஈரலைப் பற்றிய வேறு நோயாகலாம் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். எதுவாயினும், தாய்நாடு திரும்பிய அம்மேதை 1920-ல் சேத்துப்பட்டில் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அக்காலத்தில் காசம் என்று பெயர் வைத்தபின் மருத்துவர் செய்யத்தக்கது மிகச் சிறிதே. அன்று இறந்தவர் மருந்தின்மையால் இறந்தனர். இன்று இறப்பவர் எதனால் இறக்கின்றனர் என்பதே நாம் சிந்திக்கவேண்டிய வினா.

சேத்துப்பட்டுச் சோதனை

1940-களில் ஸ்டிரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனியசிட் என்னும் மருந்தும் வந்தன. மருந்து வந்தது, படுக்கைகளோ போதவில்லை. இலட்சக்கணக்கான நோயாளரைச் சானடோரியங்களிற் சேர்த்தல் இந்நாட்டில் இயலாத காரியம். அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாற் பிழைப்பரா? வீட்டார்க்கு நோய் தொற்றாதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடி நிறுவியது அது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு நிலவுகின்றது.

சென்னையிலிருந்த ஏழை நோயாளர் 193 பேரை எடுத்துக்கொண்டு, யார் எப்பகுதி என்பதை ஆய்வாளர் விருப்பத்துக்கு விடாது குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவர்க்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். சானடோரியத்திலிருந்தவர்க்கு நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் இருந்தன. வீட்டிலிருந்தவரோ நெருக்கமான சிறுவீடுகளில், குறைந்த உணவோடு, பலர் வேலைக்கும் சென்றுகொண்டு வாழ்ந்தனர். 1959-ல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் சானடோரியத்தவரில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டிலிருந்தவரில் நூற்றுக்கு 86 பேருக்கும் கிருமி ஒடுங்கியிருந்தது. உலகத்து மருத்துவர் அனைவரும் வியந்தனர். சானடோரியங்கள் என்னும் முறையே உலகெங்கும் மெல்ல மறைதற்கு இச்சென்னைச் சோதனை பெருங்காரணமாயிற்று.

இரண்டாம் வினாவுக்குக் கிடைத்த விடை இன்னும் பெரிது. இருவகை நோயாளரின் வீட்டாரையும் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். நோயாளி வீட்டிலேயே இருந்து மருந்துண்டமையால் வீட்டார்க்கு நோய் மிகுந்ததாகக் காணவில்லை. ஏன் எனின், மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகின்றது. வீட்டார்க்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய் இன்னதென்று அறியுமுன், மருந்து தொடங்குமுன்.

இவ்வோர் உண்மையைத் தாய்மார்கள் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம். காசம் தட்டிலும் தம்ளரிலும் பரவுவதன்று. இருமலால் எழும் காற்றுத்துளிகளிற் பரவுவது. ஆகவே தட்டைத் தனியாக்குவதாற் பயனில்லை. மருந்துண்ணும் நோயாளியால் வரும் அபாயம் சிறிது; மறைந்திருந்து இருமும் நோயாளியால் வரும் அபாயமே பெரிது. நோயை மறைக்கும் வீடுதான் நோயைப் பரப்பும் வீடு.

எம் வீட்டில் நிகழ்ந்தது

சேத்துப்பட்டில் 1959-ல் தெரிந்த இவ்வுண்மை, முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்தும், பத்துக் கல் தொலைவிலிருந்த எம் வீட்டுக்கு வந்து சேரவில்லை. 1992-ஆம் ஆண்டு எமக்கு வயது பன்னிரண்டு. எம் தந்தையாரின் தங்கை, எம் அத்தை, அப்போது இருபத்துநான்கு வயதினள். எமக்கு நெடுங்கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவளே. அவளுக்கு இருமல் வந்தது. மருந்து வாங்கினார்கள், இரண்டு மாதத்தில் இருமல் அடங்கிற்று. அச்சமயத்தில் ஒரு நல்ல இடம் வந்தது. மாத்திரைச் சீட்டு வீட்டிலிருந்தால் வருகின்றவர் கண்ணிற் படும் என்று பாட்டியார் அதனை அடுப்பிலிட்டார். மருந்து நின்றது. அவ்விடமும் வேறு காரணத்தால் தட்டிப்போயிற்று.

ஆறு மாதத்தில் இருமல் இரத்தத்தோடு திரும்பியது. அத்தையைப் பின்கட்டு அறையில் வைத்து, சன்னலைச் சாத்தி, தட்டையும் தம்ளரையும் தனியாக்கினார்கள். அண்டைவீட்டார் கேட்டால், "அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லுமாறு எமக்குக் கட்டளை. யாமும் அவ்வாறே சொன்னோம். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து இருமல் கேட்டது. கேட்டவர் ஒன்றும் பேசாமற் போய்விட்டார். அத்தை மறுநாள் எம்மை அழைத்து, "இனி யாராவது கேட்டால் நான் வாயைப் பொத்திக்கொள்கிறேன், நீ பயப்படாமல் சொல்" என்றாள். மறு ஆண்டு மார்கழியில் அவள் இறந்தாள்.

தொடங்கிய மருந்தை இடையில் விட்டால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுவதோடு அம்மருந்துக்கு அடங்காதனவாயும் ஆகிவிடக்கூடும் என்பதைப் பிற்காலத்திற்றான் அறிந்தோம். சன்னலைச் சாத்தியது எவ்வளவு பெரிய தவறு என்பதையும் அறிந்தோம். பாட்டியார் கொடியவர் அல்லர். மகளின் வாழ்வைக் காக்கவே அவ்வாறு செய்தார். எவர் கண்ணுக்கு அஞ்சிச் செய்தார்? நம் குலத்தார் கண்ணுக்கு அஞ்சியே செய்தார். இதனை அவை பொறுத்தருள வேண்டும்.

சோறும் மருந்தாமாறு

நிற்க. சேத்துப்பட்டுச் சோதனையைக் கேட்டவர், "அப்படியாயின் உணவு முக்கியமன்று போலும், மாத்திரையே போதும்" என்று கொள்ளக்கூடும். உணவிற் குறைந்தவரும் மருந்தாற் குணமாவர் என்பதையே அச்சோதனை காட்டிற்று. உணவு வேண்டுவதில்லை என்று அது சொல்லவில்லை. நோய் வாராமற் காப்பதிலும், வந்தவர் உயிர் பிழைப்பதிலும் உணவுக்கு என்ன பங்கு என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு 2023-ல் விடை கிடைத்தது.

அதற்குமுன் தடுப்பூசியைப் பற்றி ஒரு சொல். பிறந்த குழந்தைக்கு இடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைகட்கு வரும் கொடிய காசவகைகளைத் தடுக்க உதவுகின்றது. அதனை ஒருபோதும் தவிர்த்தலாகாது. ஆனால் 1968-ல் தொடங்கி நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இலட்சக்கணக்கானவரிடம் நடத்திப் பதினைந்தாண்டு தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில், அவ்வூசி வயதுவந்தவரை நுரையீரற் காசத்தினின்றும் காக்கவில்லை என்று தெரியவந்தது. ஆகவே பெரியவர்க்கு வேறு அரண் தேட வேண்டியதாயிற்று.

சார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், சேத்துப்பட்டு நிறுவனத்தாரும் மங்களூரிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வாளரும் கூடி, 2019-ல் ஒரு சோதனை தொடங்கினர். 2,800 காசநோயாளரும் அவர்தம் வீட்டார் 10,345 பேரும் அதிற் சேர்ந்தனர். நோயாளரில் ஐவரில் நால்வருக்கு மேற்பட்டோர் உணவுக்குறையால் மெலிந்தவர். நோயாளர் அனைவர்க்கும் மருந்தோடு மாதந்தோறும் 10 கிலோ உணவுப்பொருள்கள் தரப்பட்டன: அரிசி, பருப்புவகை, பால்மாவு, எண்ணெய். வீட்டாரில் ஒரு பகுதியினர்க்கு மட்டும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரையும் ஆறு மாதம் தரப்பட்டன. மற்றப் பகுதியினர் வழக்கமான உணவே உண்டனர். பின்னர் இரு பகுதியினரையும் தொடர்ந்து கவனித்தனர்.

முடிவு யாது? அரிசியும் பருப்பும் பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசம் தோன்றுதல் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பிறர்க்குத் தொற்றும் நுரையீரற் காசமோ நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது. நோயாளரிடையேயும் ஓர் உண்மை புலனாயிற்று: மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்க்கு, கூடாதவரினும் இறப்பு ஏறக்குறைய 60 பங்கு குறைவு. ஐம்பது கிலோ எடையுள்ளவர்க்கு அஃது இரண்டரைக் கிலோ. அவ்வளவே.

நம் மாநிலத்திலும் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என ஒன்று சென்னை நீங்கலான மாவட்டங்களிற் றொடங்கப்பட்டது. நோய் கண்ட அன்றே நோயாளியின் எடையும் உயரமும் அளந்து, மூச்சின் வேகத்தைப் பார்த்து, பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகின்றதா என்று நோக்கி, மிக மெலிந்தவரை உடனே மருத்துவமனையிற் சேர்ப்பது அதன் முறை. தராசும் ஒரு மருத்துவக் கருவியே என்று இவ்வாராய்ச்சிகள் நமக்குக் காட்டுகின்றன. வள்ளுவனார் 'மருந்து' என்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஏன் ஒதுக்கினார் என்று மாணாக்கர் வினவும்போது, இனி யாம் இச்சோதனையையும் சேர்த்துச் சொல்லுவோம்.

நம் கொல்லையும் நம் கீரையும்

நம் முன்னோர் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் ஏரிப்பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் வெண்டையும் கீரையும் பயிர் செய்தவர்கள். இன்று அக்கொல்லைகள் மனைகளாயின. ஏரிகள் பலவற்றிற் கழிவுநீர் கலக்கின்றது. "காசத்துக்குக் கீரை நல்லதாமே" என்று கேட்டு, எங்கு விளைந்தது என்று நோக்காமல் வாங்குகின்றோம். இதில் இரண்டு விஷயங்களைப் பகுத்தறிதல் வேண்டும்.

ஒன்று, கீரையில் இரும்பும் உயிர்ச்சத்துக்களும் உண்டு. ஆனால் கீரையால் மட்டும் எடை ஏறாது. எடைக்குச் சோறும் பருப்பும் எண்ணெயும் வேண்டும். முட்டை உண்பார் முட்டையும், உண்ணார் பாலும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் சேர்த்துக்கொள்ளலாம். கீரையைப் பருப்போடு கடைந்துண்ணும் நம் பாட்டிமாரின் வழக்கமே சிறந்தது. மருத்துவர் தந்த மாத்திரைக்கு ஈடாக வேறு பொடியோ இலேகியமோ கொள்ளுதல் கூடாது. சித்த மருத்துவத்தில் நம்பிக்கையுள்ளோர், சானடோரியத்தில் 2005 முதல் நடைபெறும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திற் சென்று, தாம் உண்ணும் மாத்திரைகளைச் சொல்லியே ஆலோசனை கேட்கட்டும்.

இரண்டு, கீரையின் தரம். கழிவுநீரில் விளைந்த கீரையிற் கிருமிகளும் புழுமுட்டைகளும் இருக்கும். அவை பலமுறை கழுவுவதாற் பெரிதும் நீங்கும். நன்றாக வேகவைத்தால் அழியும். ஆனால் அந்நீரில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்திருப்பின், அவை வேர்வழி இலைக்குள் ஏறிவிடும். கழுவினும் வேகவைப்பினும் போகா. கண்ணுக்கு அக்கீரை பசுமையாகவே தோன்றும். ஆதலால் விற்பவரிடம் எந்த ஊர்க் கொல்லை, என்ன தண்ணீர் என்று கேட்டு வாங்குதல் நன்று. அதனினும் நன்று, மாடியில் நான்கு தொட்டி வைத்தல். சிறுகீரையும் முளைக்கீரையும் ஏறக்குறைய நான்கு வாரத்திற் பறிக்க வரும். முருங்கைக்கோ ஒரு முழநிலம் போதும். ஏர் பிடித்த குலத்தார்க்கு இதனை யாம் கற்பிக்கவேண்டுவதில்லை.

ஒரு தடையும் விடையும்

இச்சொற்பொழிவைப் பற்றி முன்னமே கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், எம்மிடத்து அன்புள்ளவர், "தம்பி, இதைப் பேசலாம், பத்திரிகையில் அச்சிடவேண்டுமா? நம் குலத்தார்க்கே இந்நோய் உண்டென்று பிறர் எண்ணாரோ?" என்றார். அவர்க்கு யாம் பணிவோடு சொல்லும் விடை இது. உலகத்துக் காசநோயாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். அக்கிருமி குலம் பார்ப்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. மெலிந்த உடம்பையும், காற்றில்லா அறையையும், சிகிச்சை பெறாத இருமலையுமே தேடுகின்றது. நோய் இருப்பது நமக்கு இழிவன்று. நம் பெண்ணொருத்தி மாத்திரை உண்ணவும் நம்மைக் கண்டு அஞ்சுகின்றாளே, அதுதான் நமக்கு இழிவு.

அம்மாணவியின் செய்தி என்னாயிற்று என்று தாய்மார்கள் கேட்பீர்கள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தலாகாது என்றோம். எம் அத்தையின் கதையைச் சொன்னோம். அவள் அழுதாள், பின்பு, "அப்பாவிடம் நீங்கள் வந்து சொல்லுங்கள், ஐயா" என்றாள். சென்று சொன்னோம். அவள் தந்தையார் இரண்டு நாள் யோசித்துப் பின் தாமே மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையை உரைத்தார். அவர்கள் பெண் பார்க்க வரவில்லை. அவ்வீட்டாரும் நம் சங்கத்தவரே. ஒருகால் இவ்வவையிலும் இருக்கலாம். அவரைக் குறை கூறும் உரிமை எமக்கில்லை. எம் வீட்டிலும் அதே அச்சந்தான் மாத்திரைச் சீட்டை எரித்தது. அப்பெண் ஆறு மாதமும் மருந்துண்டு முடித்தாள். சளியிற் கிருமியில்லை என்று சோதனை சொல்லிற்று. எடை ஆறு கிலோ கூடியிருக்கின்றது. இப்போது வேலைக்குச் செல்கின்றாள். வரன் இன்னும் அமையவில்லை.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே மூன்று விண்ணப்பங்களைச் சங்கத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலும், மாலைக் காய்ச்சலும் மெலிவும் கண்டாலும், அன்றே அரசாங்க மருத்துவமனைக்குச் சென்று சளியைச் சோதித்தல் வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். வீட்டில் ஒருவர்க்கு நோய் கண்டால் மற்றவரும் சோதித்துக்கொண்டு, மருத்துவர் சொன்னால் தடுப்பு மருந்தும் உண்ணவேண்டும்.

இரண்டாவது, நோய் கண்ட வீட்டுக்கு உணவு. நோயாளியின் வங்கிக்கணக்கில் அரசாங்கம் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் செலுத்தி வந்தது. 2024 நவம்பரிலிருந்து அதனை 1,000 ஆக்கியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' என்னும் ஏற்பாட்டின்படி, சங்கங்களும் தனிமனிதரும் பெயர் பதிந்து, நோயாளியின் சம்மதத்தோடு அவர்க்கு மாதந்தோறும் உணவுப்பொருள் அளிக்கலாம். நம் சங்கமும் பதிவு செய்யட்டும். சார்க்கண்டு அளவின்படி, நோயாளியை ஒழிய நால்வருள்ள வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு வேண்டுவது 120 கிலோ அரிசியும் 36 கிலோ பருப்பும். ஆயிரவர் உண்ணும் ஒருவேளை விருந்துக்கு நாம் உலையிலிடும் அரிசி ஏறக்குறைய அவ்வளவு. ஆண்டுவிழா விருந்தில் இனிப்பொன்றைக் குறைத்தால் எவரும் பசியோடு எழுந்து போகமாட்டார். உணவு நம்மவர்க்கு மட்டும் என்று வரையறுத்தலும் வேண்டா. அண்டைவீட்டு இருமல் நம் சுவரைத் தாண்டுவதன்றோ?

மூன்றாவது, நம் வரன் பதிவேடு. மருந்துண்டு முடித்து, குணமென்று மருத்துவர் சொன்னபின், பழைய காசத்தைக் காரணமாக்கி எவரும் ஒரு சம்பந்தத்தை மறுத்தல் கூடாது என்று இச்சங்கம் தீர்மானம் நிறைவேற்றல் வேண்டும். அதற்கு ஈடாக, நோய் உள்ளபோது அதனை மறைத்துப் பேசி முடித்தலும் கூடாது. மருந்து முடியட்டும், பின்பு மணம் நடக்கட்டும். ஆறு மாதம் ஒரு மணத்துக்குப் பொறுக்கத்தக்க காலமே. உண்மையைச் சொன்னவரைத் தண்டியாமல் இருந்தாலன்றி, எவரும் உண்மை சொல்லத் துணியார்.

காலொடிந்தவன் வீட்டுக்கு ஐம்பது பேர் சென்றோம். அடுத்தமுறை ஒரு வீட்டில் இருமல் என்று கேட்டால் ஐவரேனும் செல்வோம். பழக்கூடையோடு கொஞ்சம் பருப்பும் கொண்டு செல்வோம். அவ்வீட்டுச் சன்னலைத் திறந்து வைத்து, நோயாளியிடம், "மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கூச்சமின்றிக் கேட்போம். எம் அத்தையிடம் அப்படிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.